நீர்ச் சுற்றுக்குப் போன லாரி

அந்த வருடம் மழை இரண்டாவது முறையாக ஏமாற்றியிருந்தது. குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த உதவிப் பொறியாளருக்குத் தொலைபேசி மணி அடித்தாலும் காதில் கேட்டது, அடிக்காவிட்டாலும் கேட்டது. குளியலறையில் கேட்டது. பேருந்தில் ஜன்னலோரம் கண்ணயர்ந்தால் அங்கேயும் கேட்டது. எடுத்தால் எல்லாக் குரலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும்? அவளிடம் இருந்ததும் ஒரே பதில்தான். அதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டாள். "பார்க்கிறோம்" என்றாலும், "முறைப்படி வரும்" என்றாலும், எதிர்முனையில் இருப்பவருக்கு அது "இல்லை" என்றுதான் கேட்டது. அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயரே மறந்துபோய், தண்ணி மேடம் என்பதே நிலைத்துவிட்டது. தண்ணீர் வந்துகொண்டிருந்த காலத்தில் வைத்த பெயர். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் குத்திக்காட்டுவதுபோல் இருந்தது.

இந்த லட்சணத்தில் போட்டி வேறு.

ஊரின் எல்லையிலிருக்கும் பெரிய பூங்காவில் ஆண்டுதோறும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இயற்கை வளப் போட்டி நடக்கும். பள்ளிக்கு ஓர் அணி, அணிக்கு ஐந்து பேர். அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை அல்ல அது. மண் சுற்றில் குழிக்குள் இறங்கி மண்ணைப் பிசைந்து பார்த்துப் பதில் எழுத வேண்டும். மரச் சுற்றில் அடிமரத்தைக் கட்டிப்பிடித்து அளக்க வேண்டும். காட்டுயிர்ச் சுற்றில் கால்தடத்தையும் எச்சத்தையும் வைத்து வந்துபோனது யார் என்று சொல்ல வேண்டும். நீர்ச் சுற்றில் பூங்காக் குளத்தில் வலையைப் போட்டு, அகப்படும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் கொட்டி, அவை யார் யார், அவற்றை வைத்துப் பார்த்தால் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல், நன்றாகச் செய்த அணிகள் மேடையேறிப் பேசும்.

ஒவ்வொரு சுற்றும் ஒரு துறையின் பொறுப்பு. நீர்ச் சுற்று குடிநீர் வாரியத்தின் தலையில் விழுந்து, அங்கிருந்து உருண்டு இவள் தலையில் விழுந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், "இதை யாரும்மா பாத்துக்கறது?" என்று செயற்பொறியாளர் கேட்ட நேரம் இவள் கொட்டாவி விட வாயைத் திறந்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

செயற்பொறியாளருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் அவசரம். அவருக்கு எல்லாமே அவசரம்தான். தேநீர் வரவழைத்தால்கூட அவசரத் தேநீர்.

முன்பெல்லாம் போட்டி நாள் அவளுக்குப் பிடித்த நாளாகத்தான் இருந்தது. தொலைபேசி இல்லாத ஒரு நாள். பிள்ளைகள் முழங்கால்வரை நனைந்துகொண்டு கத்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். இந்த முறை அதிலும் ஒரு முள் தைத்திருந்தது. அவளுடைய மகள் பள்ளி அணியில் சேர்ந்துவிட்டாள். அதிலும் நீர்ச் சுற்றுக்கு.

"நான்தான் கேள்வி எடுக்கறேன். நீ மரம் எடுத்துக்கோயேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"மரத்துக்கு ஆள் இருக்கு. எனக்குப் பூச்சிதான் பிடிக்கும். நீ வேணா விலகிக்கோ" என்றாள் மகள்.

விலகுகிறேன் என்று அவசரத்திடம் போய்ச் சொன்னதற்கு, "வேற யாரு இருக்கா? நீங்க கேள்வி எடுங்க, திருத்தறதுக்கு மீன்வளத் துறையிலேர்ந்து ஒரு பையனைப் போட்டுடலாம்" என்று முடித்துவிட்டார். அதனால் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வந்தது. போட்டி முடிகிறவரை தாயும் மகளும் குளம், பூச்சி, வலை என்று எதையும் பேசக்கூடாது. மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிற கணவன் இரண்டு பேருக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். "என் பொண்டாட்டிகிட்ட உப்பு கேக்கலாமா, இல்லை அதுவும் கேள்வித்தாள்ல வருதா?" என்பான். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மகள் விடவில்லை. குளியலறைச் சுவரில் நீர்ப்பூச்சிப் படங்களை வரிசையாக ஒட்டினாள். பல் தேய்க்கும்போதுகூட அவற்றைப் பார்த்து முணுமுணுத்தாள். தண்ணீருக்குள் வளர்கிற தும்பிக் குஞ்சுகளின்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். வாலைப் பார்த்தே எந்த இனம் என்று சொல்லிவிடுவாள். அணியில் அவளுக்குத் தும்பி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதையெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது தாய்க்கு இன்னொரு வேலையாகிப்போனது.

போட்டிக்கு முந்தின வாரம் குளத்தைப் பார்த்துவிட்டு வரப் போனாள். குளம் என்று சொல்ல அங்கே பள்ளம்தான் இருந்தது. திரும்பி வந்து அவசரத்தின் எதிரே நின்றாள்.

"சார், குளத்துல தண்ணி இல்லை."

"கொஞ்சம்கூட?"

"காக்கா கால் நனைக்கக்கூட இல்லை."

அவர் பேனாவை மூடினார். "இந்த வருஷம் வாரியத் தலைவர் வர்றாரும்மா. குளக்கரையில பிள்ளைங்களோட நின்னு படம் எடுக்கணும்னு ஆசைப்படறார். அவசரமா ஒரு லாரி விட்டுடுங்க."

"ஒரு லாரி விட்டா நடுவுல குட்டை மாதிரிதான் நிக்கும் சார்."

"குட்டை போதும். கேமராவுக்குக் கடலா வேணும்?"

"அது குழாய்த் தண்ணி, மருந்து கலந்தது. அதுல ஒரு பூச்சி இருக்காது. பூச்சியைப் பார்த்துத்தான் பிள்ளைங்க எழுதணும்."

"பூச்சி இல்லாத தண்ணி குடுக்கத்தானே நமக்குச் சம்பளம்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "எனக்கும் மேல ஆள் இருக்கும்மா. புரிஞ்சுக்கோங்க. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போற லோடுல ஒண்ணைத் திருப்பி விடுங்க."

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தெருக்களுக்கு ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தது. அதை அவருக்கு நினைவூட்டலாம் என்று வாயெடுத்தாள். பேசினால் இன்னும் கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் பிற்பகல், நீரேற்று நிலையத்தில் லாரி நிரம்பியதும் அவளும் ஏறி உட்கார்ந்தாள். அதிகாரி யாராவது கூட வந்தால்தான் பூங்காக் காவலர் பின்வாசலைத் திறப்பார். டிரைவர் அவளைவிட மூத்தவர். வண்டியை விட்டு இறங்காமலேயே அந்தக் கோடையை ஓட்டிக்கொண்டிருந்தார். வழி முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்குத் தூக்கம், அவளுக்கும் தூக்கம்.

முறை தவறிய அந்தத் தெருக்கள் வழியாக வந்து சேர்ந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்து வந்து, கேட்டுக்கு நடுவே நின்றுவிட்டது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். லாரியின் பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

தெருவுக்குள்ளிருந்து முதலில் ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவளாக இருக்க வேண்டும், சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. இரண்டு கையிலும் வாளி. அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. பிறகு அதற்கடுத்த வீடு. கொஞ்ச நேரத்தில் லாரிக்குப் பின்னால் வாளியும் குடமும் பால் கேனும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டியுமாக வரிசை நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. முண்டியடிக்கவும் இல்லை. லாரியை மறிக்கிற எண்ணமே அவர்களுக்கு இல்லை. அது தங்களுக்கு வந்த லாரி என்றுதான் நினைத்திருந்தார்கள்.

சீருடைக்காரப் பெண் ஜன்னல் பக்கம் வந்து நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து போன் பண்ணினேன் மேடம். முறைப்படி வரும்னு சொன்னீங்க. உங்க குரல்தானே?"

"ஆமா."

"அப்போ இது எங்க முறைதானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து எத்தனையோ முறை சொன்ன சொல். பழகிப்போன சொல். ஆனால் அது தொண்டையைத் தாண்டி வரவில்லை. இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. அநியாயத்தைக் கண்டு பொங்கிய கோபமும் அல்ல. மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு கட்டத்தில் கை தானாக விட்டுப்போகுமே, அப்படி.

"மேடம், என்ன செய்யட்டும்?" என்றார் டிரைவர். அவர் கண்ணாடியில் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹோஸை இறக்குங்கண்ணே."

"பூங்காவுக்கு?"

"இறக்குங்க."

அவர் வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். அவளும் இறங்கி, லாரியின் படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாத்திரத்துக்குப் பாத்திரம் வெவ்வேறு சத்தத்தோடு விழுந்தது. ரயில் நகர்ந்து, கேட் திறந்து, பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒலி எழுப்பிச் சுற்றிக்கொண்டு போயின. சீருடைக்காரப் பெண் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்க மேடம், முகமே வாடிக் கெடக்கு." அவள் வாங்கிக் குடித்தாள். மருந்து வாடை அடித்தது. நன்றி என்று யாரும் சொல்லவில்லை, முறைப்படி வந்த தண்ணீருக்கு எதற்கு நன்றி? அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

லாரி காலியானதும் டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னொரு லோடு கேட்டுப் பாக்கலாமா?"

"இன்னைக்கு ஒதுக்கினது முடிஞ்சுது. கேட்டாலும் தரமாட்டாங்க."

"அப்போ குளம்?"

"என்னைப் பூங்காவுல இறக்கி விட்டுடுங்க."

வெயில் இறங்குகிற நேரத்துக்குப் பூங்கா வந்துசேர்ந்தாள். கேள்விகள் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. எல்லாமே பூச்சிக் கேள்விகள். குழாய்த் தண்ணீர் வந்திருந்தாலும் அவை வீண்தான் என்பது அவளுக்குத் தெரியும். எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தாள். இப்போது தள்ளிப்போட இடமில்லை. செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டுக் குளத்துக்குள் இறங்கினாள்.

உள்ளே நின்று பார்க்கும்போது, நடுவில் மண் வெடித்து, ஒவ்வொரு வெடிப்பிலும் கை நுழைகிற அகலம் இருந்தது. கரைக் கற்களில் தண்ணீர் நின்று நின்று இறங்கிய கோடுகள் படிக்கட்டுபோல் தெரிந்தன. நத்தை ஓடுகள் காலில் குத்தின. காய்ந்த கோரைத் தண்டுகளில் தும்பி உரித்துப்போட்ட கூடுகள் முதுகு பிளந்தபடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. சேறு இறுகுவதற்கு முன் ஏதோ ஒரு நாரை நடந்துபோன தடம் கல்லில் செதுக்கியதுபோல் பதிந்திருந்தது. தண்ணீர் போய்விட்டதே தவிர, இருந்ததற்கான அடையாளம் எல்லாம் இருந்தது.

மீன்வளத் துறை இளைஞனைப் போனில் கூப்பிட்டாள். "நாளைக்குக் குளத்துல தண்ணி இருக்காது. காய்ஞ்ச குளத்தை வெச்சே சுற்று நடத்தப் போறேன். கேள்வியை மாத்தறேன்."

"மேடம், நான் வலையெல்லாம் கழுவிக் காயவெச்சிருக்கேனே" என்றான் அவன்.

"காய்ஞ்சபடியே இருக்கட்டும்."

கரையில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கிறவரை எழுதினாள். குளத்தின் ஆழம் எவ்வளவு இருந்திருக்கும், எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தண்ணீர் ஒரே சீராக இறங்கியதா, விட்டுவிட்டு இறங்கியதா? இங்கே வாழ்ந்தவை எவை, அவற்றில் பறந்து தப்பியவை எவை, மண்ணுக்குள் காத்திருப்பவை எவை? கடைசியாக, அதிக மதிப்பெண்ணுக்கு: இந்தக் குளம் ஏன் வறண்டது? கண்ணால் கண்டதைக் கொண்டு விளக்கவும். அதற்கு விடையாக, மழையின்மை, வெப்பம் என்று எழுதிவைத்தாள். எழுதி முடித்ததும்தான் மகளின் நினைவு வந்தது.

வீட்டுக்குப் போனபோது மகள் மேசைமேல் வெள்ளைத் தட்டையும் பிளாஸ்டிக் கரண்டியையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். சாப்பிடும்போது வழக்கத்துக்கு மாறாகக் கலகலப்பாக இருந்தாள்.

"அப்பா, நாளைக்குத் தட்டுல ஒரு தும்பிக் குஞ்சு விழுந்தாப் போதும், மீதியை நான் பாத்துக்கறேன்" என்றாள், தாயைப் பார்க்காமல்.

"விழும் கண்ணு, விழாம எங்க போகும்" என்றான் தகப்பன்.

தாய் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மற்ற அணிகளுக்கும் வீடு இருக்கிறது, அங்கேயும் யாராவது தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். சொல்லாமல் எழுந்து கை கழுவப் போனாள்.

மறுநாள் காலை பூங்கா நிறைய பிள்ளைகள். வாரியத் தலைவர் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினார். அவசரம் அவரைக் குளக்கரைக்கு அழைத்து வந்தார். வந்தவர் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "குளம் எங்கே?" என்றார்.

அவசரம் இவளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஈயாடவில்லை.

"இதான் சார் குளம்" என்றான் மீன்வளத் துறை இளைஞன், உதவி செய்கிற நினைப்பில்.

தலைவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு, "மரம் நல்லா இருக்கில்ல? அங்க எடுத்துக்கலாம்" என்று நகர்ந்தார். புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார். அவசரம் போகிற போக்கில் அவளுடைய காதருகே, "நாளைக்கு ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை அவசரமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

சுற்று ஆரம்பித்தது. கேள்வியைப் படித்ததும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பள்ளியின் ஆசிரியர் நேரே அவளிடம் வந்தார். "என்ன மேடம் இது? வருஷம் பூரா பூச்சி படிக்க வெச்சிருக்கோம். எலும்புக்கூட்டைக் காட்டி உடம்புக்கு என்னன்னு கேக்கறீங்களே."

"எல்லா அணிக்கும் இதேதான் சார்."

"அதனால சரியாயிடுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "புகார் எழுதிக் குடுங்க சார், வாங்கிக்கறேன்" என்றாள். புகார் வாங்குவது ஒன்றுதான் அவளுக்குக் கைவந்த கலை.

மகளின் அணி வந்தபோது அவள் எழுந்து நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். போகும்போதே ஒரு கணம் திரும்பினாள். மகள் கரையில் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் தட்டை மார்போடு அணைத்தபடி. தாயைத் தேடவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள்.

மரத்தடியில் உட்கார்ந்த தாய்க்குக் கண் சொருகியது. யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். மீன்வளத் துறை இளைஞன், கையில் விடைத்தாளோடு.

"மேடம், கடைசிக் கேள்விக்கு மழையில்லைன்னு நீங்க விடை குடுத்திருக்கீங்க. எல்லாரும் அதைத்தான் எழுதியிருக்காங்க. ஒரு அணி மட்டும் வேற எழுதியிருக்கு. குளத்துக்குத் தண்ணி வர்ற வாய்க்காலைத் தேடிப் போனாங்களாம். புதருக்குப் பின்னால போய், புதுசாக் கட்டின கார் நிறுத்துமிடத்துச் சுவர்ல முட்டி நிக்குதாம். மழை பெஞ்சாலும் இந்தக் குளம் ரொம்பாதுன்னு எழுதியிருக்காங்க. மார்க் போடலாமா?"

அவள் எழுந்து அவனோடு போய்ப் பார்த்தாள். புதரை விலக்கிக்கொண்டு நடந்தால் வாய்க்கால் தெரிந்தது, ஆள் படுத்துக்கொள்கிற அகலம். சிமென்ட் சுவரில் போய் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பளபளவென்று தரை, கோடு போட்ட வரிசைகளில் கார்கள். தலைவருடைய காரும் அங்கேதான் நின்றது. இத்தனை வருடம் இந்தக் குளத்துக்கு வந்துபோகிறவள், நேற்று மாலை அதற்குள்ளேயே இறங்கி நடந்தவள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் தெம்பு வேண்டியிருந்தது.

"முழுசாப் போடு" என்றாள்.

"அப்போ மழையில்லைன்னு எழுதினவங்களுக்கு?"

"பாதி. நானும் பாதிதான் எழுதியிருக்கேன்."

மதியம் அந்த அணி மேடையேறியது. முடி கலைந்த ஒரு பெண் பிள்ளை வாய்க்காலையும் சுவரையும் பலகையில் வரைந்து காட்டினாள். அந்தச் சுவரில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு வழி விட்டால் போதும் என்றாள். தலைவர், "பார்க்கிறோம்" என்றார். பின்வரிசையில் இருந்த அவளுக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் சிரிப்பு வந்தது. தினமும் தானே சொல்கிற சொல்லை இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது. அந்த அணிக்குத்தான் முதல் பரிசு. மகளின் அணிக்கு மேடை கிடைக்கவில்லை. நீர்ச் சுற்றில்தான் சறுக்கியிருந்தார்கள்.

பேருந்தில் வீடு திரும்பும்போது மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் கணவன் கதவைத் திறந்து, இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனான். குளியலறையிலிருந்து படங்களைப் பிய்க்கிற சத்தம் கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு மகள் வரவில்லை.

அடுத்த நாள் அவசரத்தின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு லாரி தண்ணி எங்கம்மா போச்சு?"

சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், ரயில் நின்றது, வரிசை, ஹோஸ் எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி போனதுகூடப் பரவாயில்லை. அந்தச் சுவர்... அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு நம்ம ஆபீஸ்லேர்ந்து தடையில்லைன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். அவசரம்னாங்க. நேர்ல போய்ப் பாக்கலை. தலைவர் நேத்து கார்ல ஏறும்போது அதைத்தான் கேட்டார்."

அத்தனை வருடத்தில் அவர் முதல்முறையாக வயதானவராகத் தெரிந்தார்.

"உங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்றாங்க. மீட்டர் சோதனைக் கூடத்துக்கு மாத்தறேன். கோவிச்சுக்காதீங்க."

"அங்க போன் உண்டா சார்?"

"கிடையாது."

"சரி சார்" என்றாள். முகத்தில் நிம்மதி தெரிந்துவிடக்கூடாதே என்று குனிந்துகொண்டாள்.

செய்தியை அன்று மாலை கணவனிடம் அடுப்படியில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"எதுக்கு மாத்தினாங்க?" என்றாள் மகள். இரண்டு நாளில் பேசிய முதல் பேச்சு.

தாய் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். மகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அது எங்களுக்காக வந்த தண்ணியா?"

"ஆமா."

"குழாய்த் தண்ணியா?"

"ஆமா."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அதுல நான் எதைத் தேடியிருப்பேன்?"

"ஒண்ணும் இருந்திருக்காது."

"அப்போ எப்படியும் தோத்திருப்பேன்."

"அப்படியில்லை. காய்ஞ்ச குளத்துல நீ நல்லா எழுதியிருந்தேன்னு அந்தப் பையன் சொன்னான். கூடு பத்தி மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கியாமே."

"ஏழு வகைக் கூடு இருந்துதும்மா. விட மனசு வரலை. நேரம் போனதே தெரியலை. கடைசிக் கேள்வியைப் படிக்கவே இல்லை." அவளுடைய குரல் உடைந்தது. "முந்தின நாளே நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?"

"நல்லா எழுதியிருப்பேன்."

தன்னை நியாயப்படுத்திப் பேசத் தாயிடம் எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன, ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. கணவன் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தட்டை வைத்துவிட்டு, "ஆறிடும்" என்றான். மகள் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். பிறகு இன்னொரு வாய்.

மீட்டர் கூடம் அலுவலகத்தின் பின்கட்டில், சன்னல் உயரத்தில் வைத்த ஒரு நீள அறை. வேலை எளிது. பழுதான மீட்டர்களைக் குழாயில் பொருத்தி, ஓடுகிறதா, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சில நாள் அங்கேயும் மணிச் சத்தம் கேட்டது. பிறகு குறைந்தது. பருவம் தப்பி ஒரு மழை வந்தது. பெருமழையும் இல்லை, தூறலும் இல்லை. தண்ணீர் கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் அளவு தேங்கி, கார் எடுக்க முடியாதவர்கள் புகார் செய்தார்களாம். அதன்பிறகுதான் ஆள் அனுப்பிச் சுவரில் ஓட்டை போட்டார்கள் என்று டிரைவர் வந்து சொன்னார். பிள்ளைகள் சொல்லி நடந்ததா, கார்க்காரர்கள் சொல்லி நடந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் மகளின் அணி மொத்தமும் வீட்டுக்கு வந்தது. பாட்டில்களில் சேறும் தண்ணீரும், ஒரு பையில் மண். அடுத்த வருடத்துக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அம்மா, வாய்க்கால் எந்தப் பக்கம் சரியும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சொல்லித் தரியா?" என்றாள் மகள். கேட்ட விதத்தில் கொஞ்சம் விறைப்பு இன்னும் பாக்கியிருந்தது.

"ஒரு மணி நேரம் படுத்துட்டு வரேன். வந்து சொல்றேன்."

"நீ எழுந்திருக்கமாட்டே."

"எழுப்பு."

உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள். கதவை அவள் சாத்தவில்லை. கூடத்தில் பிள்ளைகள் மண்ணைத் தரையில் கொட்டிவிட்டு, யார் கொட்டியது என்று சண்டை போட்டார்கள். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். மகள் அவனை அதட்டி, "மெதுவாப் பேசு, அம்மா தூங்கறாங்க" என்றாள். அவள் அப்போது தூங்கியிருக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் தூங்கினாள்.